டேப் ஒட்டாத பிளக் பாயிண்ட்: வீட்டு ஆய்வாளர் குறைகளின் மேல் குறி போடலாமா?

மறு ஆய்வுக்கு நான் உள்ளே நுழைந்தபோது ஹாலில் ஒருவர் டைல் வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டும் கட்டர், நனைந்த தரை, வெறுங்கால். கட்டரின் வயர் ஹாலைக் கடந்து சமையலறைக்குள் போயிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக் பாயிண்டில் அதைச் செருகியிருந்தார். அந்தப் பாயிண்டில் எர்த் இணைப்பு கிடையாது. 3 வாரத்துக்கு முன் நான்தான் அதைச் சோதித்து அறிக்கையில் எழுதியிருந்தேன்.

"அண்ணே, முதல்ல அதைப் பிடுங்குங்க. அந்தப் பாயிண்ட்ல எர்த் இல்ல."

அவர் கட்டரை நிறுத்திவிட்டுப் போய்ப் பிடுங்கினார். திரும்பி வந்து என்னைக் கேட்டார்: "அதுல டேப் எதுவும் ஒட்டலையே சார்?"

அன்று அவர் மாற்றிக்கொண்டிருந்த டைல்ஸ் ஒவ்வொன்றின் மேலும் நான் நீல டேப் ஒட்டியிருந்தேன். டேப் இருந்ததைப் பார்த்து எந்த டைலை உடைப்பது என்று அவருக்குத் தெரிந்தது. டேப் இல்லாததைப் பார்த்து எந்த பிளக்கை நம்பலாம் என்றும் அவரே முடிவு செய்துகொண்டார். முதலாவதை நான் சொன்னேன். இரண்டாவதை நான் சொல்லவே இல்லை, ஆனால் அவர் காதில் அதுவும் விழுந்திருக்கிறது.

வீட்டை ஆய்வு செய்கிறவர் தான் கண்ட குறைகளின் மேல் டேப், பென்சில், சாக்பீஸ் என்று எதையாவது கொண்டு குறி போட வேண்டுமா, இல்லை தொடாமல் பார்த்து எழுதிவிட்டு வந்துவிட வேண்டுமா என்ற கேள்வி எங்கள் தொழிலில் ஓயாமல் வருவது. இரண்டு பக்கமும் நான் நின்றிருக்கிறேன். இந்த வீட்டில் நடந்ததையும், வேறொரு வீட்டில் ஒரு பென்சில் கோட்டால் நடந்ததையும் முழுதாகவே எழுதுகிறேன். தவறுகளில் பாதி என்னுடையவை.

வீடும் வேலையும்

புதிதாகக் கட்டிய இரண்டு தள வீடு. வாங்குபவர் சாவியை வாங்குவதற்கு முன் என்னை அழைத்திருந்தார். எனக்குக் கட்டணம் கொடுப்பவர் அவர். ஆனால் சாவி கைமாறும் நாள்வரை சுவரும் தரையும் கட்டியவருடையவை. இந்த வித்தியாசம் அன்று எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வீட்டு ஆய்வு என்பது கண்ணால் பார்ப்பது, கையால் இயக்கிப் பார்ப்பது, எதையும் உடைக்காமலும் பிரிக்காமலும் பார்ப்பது. 1976இல் தொடங்கிய அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கமும், 1990இல் தொடங்கிய இன்டர்நாச்சி என்ற ஆய்வாளர் அமைப்பும் வெளியிட்டிருக்கும் நடைமுறை நெறிகள் அப்படித்தான் சொல்கின்றன. கண்டதை எழுத்தில் அறிக்கையாகத் தர வேண்டும் என்பது கடமை. சுவரில் குறி போடுவது கடமை இல்லை. வந்து போன சுவடு தெரியக்கூடாது என்பதுதான் எங்களுக்குப் பழகிய ஒழுங்கு: போட்ட விளக்கை அணைத்து, திறந்த கதவை மூடி, நகர்த்திய பொருளை அதன் இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும்.

புது வீட்டைக் கைமாற்றும்போது மட்டும் வழக்கம் வேறு. கட்டியவரின் ஆளும் வாங்குபவரும் சேர்ந்து அறை அறையாக நடந்து, கீறல், பெயிண்ட் திட்டு, சரியாக மூடாத ஜன்னல் என்று கண்ட இடத்திலெல்லாம் நீல டேப்பைக் கிள்ளி ஒட்டுவார்கள். பெயிண்டர்கள் ஓரம் பிரிக்கப் பயன்படுத்தும் டேப்தான் அது. அமெரிக்காவில் அந்தச் சுற்றுக்கே 'நீல டேப் நடை' என்று பெயர் வந்துவிட்டது.

கட்டுநரின் சைட் இன்ஜினியரும் அதைத்தான் கேட்டார். "சார், உங்க ரிப்போர்ட் 60 பக்கம் வரும். பெயிண்டரும் கொத்தனாரும் அதைப் படிக்கப் போறதில்ல. அங்கங்க டேப் ஒட்டிட்டுப் போங்க, வேலை முடிஞ்சிடும்."

அவர் வேலையைத் தட்டிக்கழிக்கப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. அறிக்கை எனக்கும் வாங்குபவருக்கும் எளிதாகப் புரிவது. சுவர் எதிரே ஒரு கையில் கரண்டியோடு நிற்பவருக்கு "முதல் தளம், பெரிய படுக்கையறை, ஜன்னல் சுவர், தரையிலிருந்து 1.2 மீட்டர்" என்ற வரியால் என்ன பயன்? அந்தச் சுவரில் நாலு கீறல் இருந்தால் எது என்று எப்படித் தெரியும்? பழுது பார்ப்பவரின் கண்ணுக்கு நேராகச் சொல்ல ஒரு வழி இருக்கும்போது அதை மறுப்பது சரியாகப் படவில்லை. வாங்குபவரும் ஒப்புக்கொண்டார். ஒட்டினேன்.

அறிக்கையில் வந்த குறைகள் 47. அவற்றில் 39க்கு டேப் ஒட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் பேனாவால் ஒரே ஒரு சொல்: கீறல், உரசல், விரிசல். எண் எழுதவில்லை. அறிக்கையில் 14ஆம் குறைக்கும் சுவரில் இருக்கும் டேப்புக்கும் உறவு என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

39இல் குறிக்கு முழு நியாயம் இருந்த இடம் ஹால் தரை. டைலின் அடியில் சாந்து முழுக்கப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நான் உருண்டை முனை வைத்த மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று வைத்திருக்கிறேன். மண்டியிட்டு, ஒவ்வொரு டைலிலும் நாலு மூலையும் நடுவும் தட்ட வேண்டும். நிறைந்த இடம் 'டக்' என்று உடனே அடங்கும். காலி இடம் 'டொக்' என்று கொஞ்சம் நீளும், பானையைத் தட்டுவதுபோல. சாந்தை முழுதாகப் பரப்பாமல் நாலைந்து உருண்டையாக வைத்து டைலை அழுத்திவிட்டால் நடுநடுவே காற்று நின்றுவிடும். அந்த மூலையில் ஒரு பீரோவின் கால் நின்றால் ஒருநாள் உடையும். மேலிருந்து பார்த்தால் நல்ல டைலுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. இன்ஜினியரும் என் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். 11 டைல்ஸ் அப்படி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு துண்டு. கண்ணுக்குத் தெரியாத குறைக்கு அதன் மேலேயே குறி வைப்பதைவிடத் தெளிவான வழி எனக்கு இன்றுவரை தெரியாது. எவ்வளவு நல்ல புகைப்படம் எடுத்தாலும் அதில் ஒரு சத்தம் இல்லாத தரைதான் இருக்கும்.

ஒட்டாமல் விட்டவை 8. மின்சாரப் பாயிண்டுகளில் 4, மொட்டை மாடியில் 3, மேல்தளக் குளியலறைத் தரையில் 1. எலெக்ட்ரீஷியனுக்குத் தனிப் பட்டியல் போகும் என்பதால் பாயிண்டுகளைத் தொடவில்லை. மாடியில் மழை வந்தால் டேப் நிற்காது. குளியலறையில் ஒட்டக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களை வீட்டுக்குள் யாரும் அறிய வழியில்லை என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை.

3 வாரம் கழித்து

வீட்டில் ஒரு டேப்பும் இல்லை. ஹாலில் கடைசி 2 டைல் மட்டும் பாக்கி. "எல்லாம் முடிஞ்சது சார், பாருங்க, ஒரு டேப் இல்ல" என்றார் இன்ஜினியர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வேலையை அளந்த கோல் அதுதான்.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 47ஐயும் முதலிலிருந்து பார்த்தேன். ஒட்டிய 39இல் 28 நன்றாகவே முடிந்திருந்தன, பாக்கியிருந்த 2 டைலையும் சேர்த்து. 6 இடத்தில் டேப்தான் போயிருந்தது, குறை அப்படியே இருந்தது. தரை துடைக்க வந்தவர்கள் குப்பை என்று உரித்திருக்கலாம், தானாகவும் விழுந்திருக்கலாம். மீதி 5 இடத்தில் டேப் இருந்த இடத்தை மட்டும் சரி செய்திருந்தார்கள்.

இந்த 5தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கிய ஒரு விரிசல் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் நீளம். நான் அதன் மேல்முனையில் ஒரு துண்டு ஒட்டியிருந்தேன். பட்டி வைத்திருந்தது அந்த டேப் நீளத்துக்கு, ஒரு விரல் அளவு. கீழே இருந்த விரிசலை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அவரிடம் காட்டியது அவ்வளவுதான், அவர் செய்ததும் அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் கதவின் மேல்முனை நிலையில் உரசியது. உரசிய இடத்தில் ஒட்டினேன். தச்சர் அந்த இடத்தை இழைத்துவிட்டார். மேல் கீலின் திருகாணி 2 ஆடிக்கொண்டிருந்ததுதான் காரணம், அது அறிக்கையில் இருந்தது, டேப்பில் இல்லை. கதவு இன்னும் கொஞ்சம் இறங்கினால் மறுபடி உரசும், அப்போது இழைத்த தழும்பும் சேர்ந்து தெரியும்.

ஒட்டாத 8இல் மாடிக் கைப்பிடியின் ஒரு போல்ட்டை மட்டும் யாரோ தாங்களாகப் பார்த்து முறுக்கியிருந்தார்கள். மற்ற 7ஐ ஒருவரும் தொடவில்லை. எலெக்ட்ரீஷியனின் தனிப் பட்டியல் ஒரு மின்னஞ்சலின் அடியில் கிடந்தது. மழைநீர் வாய்க்கு எதிர்ப்பக்கமாக இருந்த மாடித் தரையின் வாட்டம் அப்படியே இருந்தது. பெயிண்ட் திட்டுகளையும் எர்த் இல்லாத பாயிண்டையும் தட்டில் வைத்தால் எது கனம் என்று யாருக்கும் தெரியும். நான் டேப் ஒட்டியது இலேசான தட்டில்.

படிக்கட்டுக் கூரையின் கறை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். படிக்கட்டுக்கு மேலே கூரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறை, விளிம்பு மட்டும் பழுப்பாக. அதற்கு நேர் மேலே குளியலறை. முதல் ஆய்வில் மேலே ஷவரை 20 நிமிடம் திறந்துவிட்டுக் கீழே வந்து ஈரமானியை வைத்துப் பார்த்தேன். ஊசி முனை ஈரமானியின் எண் மரத்துக்காக அளவிட்டது. சுவர்ப்பூச்சில் அது ஒப்பீட்டுக்கு மட்டுமே உதவும்: காய்ந்த இடத்தில் எவ்வளவு, இங்கே எவ்வளவு என்று. கறையைச் சுற்றி எண் ஏறியது. 31ஆம் குறையாகக் கறையையும், 32ஆம் குறையாகக் குளியலறைத் தரை வடிகாலின் இணைப்பையும் எழுதி, பிளம்பர் திறந்து பார்க்க வேண்டும் என்று குறித்தேன். டேப்பை ஒட்டியது கறையின் ஓரத்தில்.

டேப் கூரையில் இருந்ததால் வந்தவர் பெயிண்டர். அவர் நல்ல வேலைக்காரர். நீர்க்கறையின் மேல் நேராகத் தண்ணீர் பெயிண்ட் அடித்தால் சில நாளில் பழுப்பு மேலே ஊறி வந்துவிடும் என்பது தெரிந்தவர். சுரண்டி, காயவிட்டு, கறையை அடைக்கும் பிரைமர் அடித்து, பட்டி தேய்த்து, 2 கோட் பெயிண்ட் போட்டிருந்தார். திரும்பி வந்தபோது அந்தக் கூரையில் எங்கே கறை இருந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. முதல்நாள் படத்தைக் கைபேசியில் திறந்து, விளக்கின் தூரத்தை வைத்து அளந்துதான் இடத்தைக் கண்டுபிடித்தேன். மறுபடி மேலே ஷவரைத் திறந்துவிட்டு ஈரமானியை வைத்தேன். எண் முன்பைவிட அதிகம்.

கசிவுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கறை. அதை அழிக்கச் சொல்லிக் கைகாட்டியது என் டேப். வாங்குபவர் குடிவந்து, ஆறு மாதம் கழித்துப் பூச்சு பெயர்ந்து விழும்வரை ஒருவருக்கும் தெரிந்திருக்காது. டேப்பை மேலே குளியலறை வடிகாலின் மேல் ஒட்டி, கீழே கறையில் 'தொடாதீர்கள், மேலே 32 முடியட்டும்' என்று எழுதியிருந்தால் முதலில் வந்திருக்க வேண்டியவர் பிளம்பர். பிறகு அவர் வந்து திறந்தபோது இணைப்பு ரப்பர் ஒரு பக்கம் மடங்கி உட்கார்ந்திருந்தது. மாற்றி, வடிகாலை அடைத்துத் தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி, அப்புறம் திறந்துவிட்டும் பார்த்தோம். கீழே எண் ஏறவில்லை.

குறை தெரியும் இடமும் குறை பிறக்கும் இடமும் வேறு வேறாக இருப்பது வீட்டில் சாதாரணம். தண்ணீர் விஷயத்தில் அனேகமாக எப்போதுமே அப்படித்தான். தெரியும் இடத்தில் குறி வைத்தால் பழுது பார்ப்பவர் தெரிவதைத்தான் சரி செய்வார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாலை வெயில் விழும் ஒரு ஜன்னல் சட்டத்தில் ஒட்டிய டேப்பை உரித்தபோது பெயிண்டும் நகத்தளவு கூடவே வந்தது. தொட்டால் ஒட்டாத அளவுக்குப் பெயிண்ட் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். முழுதாக இறுகச் சில வாரம் ஆகும். நீல டேப்பும் சுத்தமாக உரிந்து வருவதற்கு நாள் கணக்கு வைத்துத்தான் விற்கப்படுகிறது, 14 நாள் என்பது வழக்கமான ஒன்று. வெயில் பட்டால் அது இன்னும் குறையும். நான் புதுப் பெயிண்டில், வெயிலில், 3 வாரம் விட்டேன். "இது நீங்க ஒட்டினதால வந்தது சார்" என்றார் பெயிண்டர். ஆமாம். 48ஆம் குறையாக, ஆய்வாளரால் வந்தது என்று அறிக்கையில் சேர்த்தேன்.

ஒரு பென்சில் கோடு

இரண்டாவது வீடு பழையது, ஆள் குடியிருந்தது, விற்பனைக்கு வந்திருந்தது. வாங்க நினைத்தவர் என்னை அனுப்பினார். வீட்டில் இருந்த அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். கதவுக்கு மேலே லிண்டல் (சுவரின் எடையைத் தாங்கும் குறுக்கு விட்டம்) மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக ஏறியது. விரிசல் அகலத்தை அளக்கும், ஒளி ஊடுருவும் அட்டையை வைத்துப் பார்த்தேன், அகலமான இடத்தில் 1 மில்லிமீட்டர்.

பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் தன் 251ஆம் கையேட்டில் விரிசல்களை 0 முதல் 5 வரை வகைப்படுத்துகிறது. 0.1 மில்லிமீட்டருக்குக் கீழே மயிரிழை. 1 மில்லிமீட்டர் வரை வழக்கமான பெயிண்ட் வேலையிலேயே போய்விடும். 5 வரை நிரப்பிச் சரி செய்யலாம். 15ஐத் தாண்டினால் பெரிய பழுது, 25க்கு மேல் கட்டமைப்பையே பார்க்க வேண்டும். அகலம் மட்டும் போதாது என்றும் அதே கையேடு சொல்கிறது. விரிசல் நின்றுவிட்டதா, நகர்கிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு எளிய வழி, இரண்டு முனையிலும் மெல்லிய பென்சில் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுவது. பின்னால் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்கிறது என்று அர்த்தம்.

பழக்கத்தில் கை அதைச் செய்துவிட்டது. அந்த அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

"தம்பி, என் வீட்டுச் சுவர்ல எதுக்குத் தேதி எழுதுறீங்க?"

கோபமே இல்லாத குரல். அதனால்தான் அதிகம் சுட்டது. அது அவர் வசிக்கும் வீடு. நான் யாருக்காக வந்தேனோ அவர் வாங்காமல் போகலாம். அடுத்து பார்க்க வருகிறவர் அந்தத் தேதியைப் பார்ப்பார், யாரோ விவரம் தெரிந்தவர் இங்கே ஆபத்தைக் கண்டிருக்கிறார் என்று நினைப்பார். 1 மில்லிமீட்டர் விரிசல் ஆபத்து என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் என் தேதி அந்தச் சுவரில் இருக்கும்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எனக்குக் கட்டணம் கொடுத்தவருக்கு மட்டும் சொல்ல வேண்டியதை நான் இன்னொருவர் சுவரில் எல்லோருக்கும் எழுதிவிட்டேன்.

"மன்னிச்சுக்கங்க அம்மா, கேக்காம செஞ்சது தப்பு" என்று சொல்லி ரப்பரால் அழித்தேன். பளபளப்பில்லாத பெயிண்ட் அது, தேய்த்த இடம் லேசாகப் பளபளத்தது. அந்தப் பளபளப்பை என்னால் போக்க முடியவில்லை. பிறகு அளவுகோலை விரிசலோடு சேர்த்துப் பிடித்து நாலு படம் எடுத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து வீட்டை வாங்கியவரே கூப்பிட்டார். குடிவந்துவிட்டோம், அந்த விரிசலைக் கண்காணிக்க முடியுமா என்று கேட்டார். போனேன். அதே சுவர், அதே இடம், அதே பென்சில். இரண்டு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதினேன். முதல் முறை தப்பாக இருந்தது இப்போது சரியாக இருந்தது, ஏனென்றால் சுவருக்குச் சொந்தக்காரர் கேட்டார், குறியைப் படிக்கப் போகிறவரும் அவரேதான்.

குறி போடும் மற்றவர்கள்

வேறு வேலைகளில் குறிக்கு என்ன ஒழுங்கு வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம் தேடிப் பார்த்தேன். கலிபோர்னியாவில் இருக்கும் பயன்பாட்டுத் தொழில்நுட்பக் கவுன்சில் 1989இல் ஏ.டி.சி.-20 என்ற கையேட்டை வெளியிட்டது. நிலநடுக்கத்துக்குப் பின் கட்டடத்தைப் பார்த்து வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை ஒட்டும் முறை அதிலிருந்து வருகிறது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த லோமா பிரீட்டா நிலநடுக்கத்திலேயே அது பயன்பட்டது. அந்தச் சிவப்பு அட்டைக்குப் பின்னால் உள்ளூர் அரசின் அதிகாரம் இருக்கிறது. ஒட்டியவர் சொன்னால் உள்ளே போகக்கூடாது, அவ்வளவுதான். வீட்டு ஆய்வாளருக்கு அப்படி எந்த அதிகாரமும் இல்லை. நாங்கள் ஒட்டும் டேப்புக்கு எங்கள் சொல்லின் எடை மட்டும்தான்.

ஆலங்கட்டி மழைக்குப் பின் கூரை பார்க்கும் அமெரிக்கக் காப்பீட்டு மதிப்பீட்டாளர்கள் கூரையில் 10 அடிக்கு 10 அடி சதுரம் ஒன்றைச் சாக்பீஸால் வரைந்து, அதற்குள் அடிபட்ட ஒவ்வொரு புள்ளியையும் வட்டமிட்டுப் படம் எடுப்பார்கள். அந்தக் குறி யாரும் வந்து சரி செய்வதற்காகப் போட்டது கிடையாது. படத்தில் தெரிவதற்காகப் போட்டது. அடுத்த மழையில் போய்விடும், போனாலும் நஷ்டமில்லை. யாருக்காக, எவ்வளவு நாளைக்கு என்று தெரிந்து போட்ட குறி என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

எனக்கு அதிகம் உதவியது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகளில் 1910.147. இதுவும் 1989இல் வந்ததுதான். இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டோ எச்சரிக்கை அட்டையோ மாட்ட வேண்டும் என்கிற விதி. அதில் ஒரு வரி: மாட்டியவரே கழற்ற வேண்டும். விதிவிலக்கு உண்டு, ஆனால் அதற்கும் தனி நடைமுறை வைத்திருக்கிறார்கள். புது வீட்டில் நான் ஒட்டிய டேப்பை யார் வேண்டுமானாலும் உரிக்கலாம் என்று விட்டதுதான் அந்த 6 இடங்களிலும் நடந்தது. உரித்த டேப் 'முடிந்தது' என்றும் பொருள்பட்டது, 'துடைத்தேன்' என்றும் பொருள்பட்டது.

குறியே வேண்டாம் என்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டேப் ஒட்ட ஆரம்பித்துவிட்டால் ஒட்டாத இடத்துக்கெல்லாம் நீ உத்தரவாதம் கொடுத்ததாக ஆகிவிடும், பின்னால் தகராறு வந்தால் "இங்கே டேப் இல்லையே" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்பார்கள். டைல் வெட்டியவர் என்னைக் கேட்டது அட்சரம் பிசகாமல் அதேதான். படத்தில் அம்புக்குறி போட்டு அறிக்கையில் சேர்த்தால் போதாதா என்பார்கள். முக்கால்வாசிக்குப் போதும். நல்ல படம் இரண்டு வேண்டும்: அறை தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, அளவுகோல் வைத்து நெருக்கத்தில் ஒன்று. தூரப் படம் இல்லாத நெருக்கப் படத்தை வைத்துக்கொண்டு பழுது பார்ப்பவர் வீடு முழுக்க அந்தக் கீறலைத் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் காலி டைலுக்கும், சில வெளிச்சத்தில் மட்டும் தெரியும் பூச்சு மேடு பள்ளத்துக்கும் படம் உதவாது.

இப்போது நான் செய்வது

குடியிருக்கும் வீட்டில், விற்பவரின் வீட்டில், எதையும் ஒட்டுவதில்லை, வரைவதில்லை. படமும் அளவும் மட்டும். உயிருக்கு ஆபத்தானது ஒன்றைக் கண்டால் அறிக்கைக்குக் காத்திருக்காமல் வீட்டில் இருப்பவரிடம் அந்த நிமிடமே சொல்கிறேன். அவர் சரி என்றால் 'பயன்படுத்த வேண்டாம்' என்று ஓர் அட்டையை அவர் கையாலேயே வைக்கச் சொல்கிறேன். எனக்குக் கட்டணம் கொடுத்தவருக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன்.

புது வீட்டில், கட்டியவரும் வாங்குபவரும் இருவரும் எழுத்தில் கேட்டால் ஒட்டுகிறேன். ஒட்டினால் ஒட்ட முடிந்த எல்லாக் குறைக்கும் ஒட்டுகிறேன். ஒட்ட முடியாத மாடிக்கும் தொட்டிக்கும் வாசல் கதவின் உட்புறம் ஒரு தாள்: இந்த எண்களுக்கு இங்கே டேப் இல்லை, அறிக்கையில் பாருங்கள். மின் பாயிண்டுகளைத்தான் முதலில் ஒட்டுகிறேன், மூன்று துளையையும் மறைத்துக் குறுக்காக, பிளக்கைச் செருக வேண்டுமானால் டேப்பைக் கிழித்தாக வேண்டும் என்கிற மாதிரி.

துண்டில் சொல் இல்லை, அறிக்கை எண் மட்டும். நிறத்தை நம்புவதில்லை, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் பழுது பார்ப்பவர்களிலும் இருப்பார்கள். எண்ணைப் பார்ப்பவர் அது என்ன என்று யாரையாவது கேட்டாக வேண்டும், கேட்டால் அறிக்கை திறக்கும். இழைக்க வந்த தச்சருக்குக் கீல் தெரிந்திருக்க அது ஒன்றுதான் வழி. நீளமான குறைக்கு இரண்டு முனையிலும் ஒரே எண். கசிவுக்கு மூலத்தில் எண், கறையில் 'தொடாதீர்கள்'. புதுப் பெயிண்டில் ஒட்டாமல் பக்கத்தில் இருக்கும் கண்ணாடியிலோ டைலிலோ ஒட்டி அம்பு போடுகிறேன். அழியாத மை மார்க்கரைப் பையில் வைத்துக்கொள்வதே இல்லை. அந்த மை மேலே சாதாரண பெயிண்டை எத்தனை கோட் அடித்தாலும் கசிந்து வரலாம்.

உரிப்பது நான் மட்டும். வேலை முடித்தவர் டேப்பில் ஒரு டிக் போட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். 14 நாளுக்குள் மறு ஆய்வுக்கு வர முடியாது என்றால் ஒட்டுவதே இல்லை. இப்படிச் செய்த முதல் வீட்டில் திரும்பிப் போனபோது 3 டேப் காணவில்லை. எண் இருந்ததால் எந்த 3 என்று 5 நிமிடத்தில் தெரிந்தது. 2 இடத்தில் வேலை நடந்திருந்தது, 1 இடத்தில் நடக்கவில்லை.

இதில் எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லாத இடம் ஒன்று உண்டு. ஒட்டியது 47 என்றாலும் நான் காணாத 48ஆவது எப்போதும் இருக்கலாம், அதன் மேல் டேப் இருக்காது. அதனால் வாசல் தாளின் முதல் வரியாக இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்: டேப் இல்லாத இடம் சோதித்து நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. டைல் வெட்டிய அண்ணனுக்கும் அதைப் படித்துக் காட்டினேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம் சார்" என்றார்.

லிண்டல் விரிசலுக்குக் கோடு போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. ஈரமான மாதங்களிலும் காய்ந்த மாதங்களிலும் மண் ஒரே மாதிரி இருக்காது, சுவரும் இருக்காது. அதனால் ஒரு முறை பார்த்து முடிவு சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். போன வாரம் நாலாவது தேதியை மூன்றாவதற்குக் கீழே எழுதினேன். அகலம் 1 மில்லிமீட்டர்தான். இரண்டு முனையும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன, தாண்டவில்லை.